ஷபாத் நாளும் வார்டுப் பணியும்

நியூயார்க்கின் புரூக்ளினில் ரெசிடென்ட் மருத்துவராகப் பயிற்சி பெற்ற காலத்தில் என்னுடன் பணியாற்றியவர்களில் ஒருவர், மத விதிகளைக் கறாராகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் யூதப் பெண்மணி. வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குச் சற்று முன்பு தொடங்கிச் சனிக்கிழமை நன்கு இருட்டும்வரை நீளும், யூதர்களின் வாராந்தர ஓய்வு நாளான ஷபாத்தில் எழுதுவதும் விளக்கைப் போடுவதும் காரோட்டுவதும் அவருக்கு விலக்கு. மருத்துவருக்கு இது எப்படிச் சாத்தியம் என்று கேட்டால், உயிரைக் காக்க ஷபாத்தை மீறலாம், மீறியே ஆக வேண்டும் என்னும் ‘பிக்குவாக் நெஃபெஷ்’ விதியைப் பலரும் பதிலாகச் சொல்வார்கள். அருகிலிருந்து பார்த்த எனக்கோ, அந்த விதி முடியும் இடத்தில்தான் சிக்கலே தொடங்குவதாகத் தோன்றியது.

மாரடைப்போடு ஒருவர் வந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் வார்டு வேலையில் பெரும்பகுதி அப்படிப்பட்டதல்ல; குணமானவருக்கு டிஸ்சார்ஜ் குறிப்பைத் தட்டச்சு செய்வதும் காப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்திடுவதும் எந்த உயிரைக் காக்கின்றன? 1902இல் தொடங்கப்பட்ட ஜெருசலேமின் ஷாரே ஸெடெக் மருத்துவமனையில் இத்தகைய கேள்விகளை நிறுவனமே சுமக்கிறது. பொத்தானை அழுத்தாமலே தளத்துக்குத் தளம் நின்று செல்லும் லிஃப்ட்கூட அங்கே உண்டு. நியூயார்க்கில் அந்தச் சுமை தனியொருவர் தலையில் விழுகிறது. அவர் தம் ரப்பையிடம் (யூத மதகுருவிடம்) கேட்டுத் தெளிந்துகொண்டும், முடிந்தவரை சனிக்கிழமைப் பணியை மாற்றிக்கொண்டும் சமாளித்தார்.

டிசம்பரில் அங்கே மாலை நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். அந்த வெள்ளிக்கிழமைகளில் அவர் மதிய உணவைத் தவிர்த்துக் குறிப்புகளை முடித்து, இரவுப் பணியில் இருக்கும் எனக்கு ஒரு தாளைத் தருவார்: எந்தப் படுக்கையில் யார், எந்த ரத்தப் பரிசோதனை முடிவு வரவேண்டும், பொட்டாசியம் எவ்வளவு குறைந்தால் என்ன கொடுக்க வேண்டும் என்று படுக்கைக்கு ஒரு வரி. மறுநாள் தொலைபேசியில் கேட்க முடியாது என்பதாலோ என்னவோ, எங்கள் வார்டில் அதைவிடத் தெளிவான பணி ஒப்படைப்பை நான் கண்டதில்லை.

சனிக்கிழமை விடுப்பைச் சலுகை என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற உச்சவரம்புக்குள் அவரும் எங்களளவுக்கே உழைத்தார். ஞாயிறும் கிறிஸ்துமஸும் பெரும்பாலும் அவர் பொறுப்பு. என் தீபாவளிப் பணியையும் அவரே ஏற்றுக்கொள்வார். தீபாவளி சனிக்கிழமையில் வந்த ஆண்டு மட்டும் இந்த ஏற்பாடு செல்லுபடியாகாமல், இருவருமே வேறு ஆளைத் தேடி அலைந்தோம்.