உப்புக்காற்றில் நிற்கப்போகும் மாடித்தோட்ட ஸ்டாண்டு: பவுடர் கோட்டிங் செய்து பார்த்த பதிவு

இடம், கடலுக்கு அரை கிலோமீட்டருக்குள் இருக்கும் மொட்டைமாடி. பொருள், மூன்று அடுக்குப் பூந்தொட்டி ஸ்டாண்டு. 25 × 25 மி.மீ. எம்.எஸ். (சாதாரண இரும்பு) ஸ்கொயர் டியூப், 1.6 மி.மீ. கனம். உப்புக்காற்று, நாள் முழுக்க வெயில், தொட்டியிலிருந்து வடியும் உரத்தண்ணீர் மூன்றும் சேர்ந்து அடிக்கிற இடத்தில் சாதாரண எனாமல் பெயிண்ட் ஓர் ஐப்பசி மழையைத் தாண்டினாலே பெரிது. பவுடர் கோட்டிங், அதாவது மின்னேற்றிய பொடியைத் தூவி ஓவனில் உருக்கிப் படியவைக்கும் பூச்சு, நிற்கும். ஆனால் அது எங்கே தோற்கும் என்பது பவுடர் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது: கூரான விளிம்பு, அரைகுறை வெல்டிங், குழாயின் உட்புறம்.

அதனால் வடிவத்திலேயே தொடங்க வேண்டும். முழு ஸ்டாண்டையும் வெல்டு அடித்து ஒரே கூடாக்காமல், தட்டையான சட்டங்களாகச் செய்து போல்ட்டில் இணைப்பது நல்லது. சட்டம் சிறிய ஓவனில் நுழையும், உள்மூலைகளும் குறையும். உள்மூலையில் மின்புலம் நுழையாது, பவுடர் இரண்டு பக்கச் சுவர்களிலேயே ஒட்டிக்கொண்டு மூலை வெறுமையாக நின்றுவிடும்.

விட்டு விட்டு வைக்கும் வெல்டிங் கூடவே கூடாது. இடைவெளியில் தண்ணீர் தேங்கி, கோட்டிங்குக்கு அடியிலிருந்தே துரு வழியும். மூட்டைச் சுற்றி முழுக்க வெல்டு போட்டு, தெறித்த பொட்டுகளைச் சுரண்டி, ஃப்ளாப் டிஸ்க்கால் (கிரைண்டரில் மாட்டும் உப்புத்தாள் வட்டு) சமன் செய்ய வேண்டும். வெட்டிய முனைகளுக்கு 2 மி.மீ. ஆரம் வரும்வரை உருட்டுங்கள். உருகும்போது பவுடர் கூர்விளிம்பை விட்டு இழுத்துக்கொள்ளும். தட்டையில் 70 மைக்ரான் கனம் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தாலும் கூர்முனையில் அதில் பாதிகூட நிற்காது. போல்ட் துளைகளின் வாயையும் பெரிய டிரில் பிட்டால் லேசாகச் சரித்துவிடுங்கள். ஒவ்வொரு காலின் அடியிலும் 6 மி.மீ. வடிகால் துளை இருக்கட்டும். துளைகள் எல்லாம் இப்போதே. கோட்டிங்குக்குப் பிறகு போடும் துளையில்தான் முதல் துரு பூக்கும்.

அடுத்து மேற்பரப்பு. பட்டறைகள் செய்யும் செவன் டேங்க் முறை, அதாவது எண்ணெய் நீக்கி, ஆசிடில் துரு நீக்கி, பாஸ்பேட் ஏற்றுவது, வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்குப் போதும். கடலோரத்துக்கு பிளாஸ்டிங்தான், அதாவது காற்றழுத்தத்தில் கரடான துகளை அடித்துச் சுத்தம் செய்வதுதான், சரி. குழாய் வேலையில் டேங்க் முறைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: வெல்டில் ஊசித்துளை இருந்தால் ஆசிட் உள்ளே போய், ஓவனில் கொதித்து வெளியே கக்கும்.

ஆற்றுமணலை வைத்து பிளாஸ்டிங் செய்ய வேண்டாம், அதன் தூசி நுரையீரலில் சிலிக்கோசிஸ் கொண்டுவரும். நம் தென்கடற்கரை மணலில் இருக்கும் கார்னெட் என்ற கடினமான கனிமத் துகள் நன்றாக வேலை செய்கிறது. இலக்கு எஸ்.ஏ. இரண்டரை தரம் (ஏறக்குறைய வெறும் உலோகம் தெரியும் அளவு சுத்தம்), 40 முதல் 70 மைக்ரான் சொரசொரப்பு. பழைய இரும்பாக இருந்தால் பிளாஸ்டிங்குக்கு முன் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். துருக்குழியில் உட்கார்ந்த உப்பைக் கார்னெட் உள்ளேதான் தள்ளும். பிளாஸ்டிங் முடிந்த இரும்பை வெறுங்கையால் தொடாமல், அன்றே, முடிந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள், பிரைமர் ஏற்றிவிட வேண்டும். கடற்காற்றில் இரும்பு கண்ணெதிரே நிறம் மாறும்.

பவுடர் இரண்டு அடுக்கு: அடியில் துத்தநாகம் கலந்த எபாக்ஸி பிரைமர், மேலே வெளிப்புறத்துக்கான பாலியஸ்டர். எபாக்ஸியை மட்டும் வெயிலில் வைத்தால் சுண்ணாம்பு போல் உதிரும். எபாக்ஸி பாலியஸ்டர் கலவையும் வெளியே ஆகாது. கடையில் விலை குறைவாகச் சொன்னால் பெரும்பாலும் அதுதான், கேட்டு வாங்குங்கள். டி.ஜி.ஐ.சி. (பாலியஸ்டரை இறுக்கச் சேர்க்கும் நச்சு ரசாயனம்) இல்லாத பாலியஸ்டர் உடம்புக்குப் பாதுகாப்பானது. ஆனால் அது க்யூர் ஆகும்போது, அதாவது ஓவன் சூட்டில் இறுகும்போது, நீராவி விடும், ஒரே பூச்சில் 100 மைக்ரானைத் தாண்டினால் ஊசித்துளை விழும்.

அளவுக் கணக்கு எளிது. இந்தக் குழாயின் சுற்றளவு 100 மி.மீ. என்பதால் ஒரு மீட்டருக்கு 0.1 சதுர மீட்டர். 6 மீட்டர் நீளத்தில் மூன்று குழாய்க்கு 1.8 சதுர மீட்டர். 70 மைக்ரானுக்கு மேல்பூச்சு 190 கிராம் போதும் என்று கணக்கு சொல்லும், ஆனால் ஒல்லியான குழாயில் பாதிக்கு மேல் பக்கவாட்டில் பறந்துவிடும். அரை கிலோ வாங்குங்கள். பிரைமர் எடை அதிகம், முக்கால் கிலோ வேண்டும்.

கம்ப்ரசர் காற்றில் ஈரம் இருந்தால் பவுடர் கட்டிதட்டித் துப்பும். கடலோர ஊரில் ஈரப்பொறி இல்லாமல் தொடங்கவே வேண்டாம். பொருளை எர்த் செய்யும் கொக்கியில் பழைய கோட்டிங் ஒட்டியிருந்தால் மின்சாரம் இறங்காது, பவுடர் உதிரும். ஒவ்வொரு முறையும் கொக்கியைத் தேய்த்துவிடுங்கள். பவுடர் தூவும் கன்னின் வோல்டேஜ் பிரைமருக்கு 70 முதல் 80 கிலோவோல்ட். மேல்பூச்சுக்கும் மூலைகளுக்கும் 40 முதல் 50 வரை குறைக்க வேண்டும். முதல் பூச்சே காப்பாக நிற்பதால் அதிக வோல்டேஜ் கொடுத்தால் பவுடர் தெறித்து நட்சத்திரக் குழிகள் விழும். மூலையை முதலில், தட்டையைக் கடைசியில் அடியுங்கள். முகமூடி கட்டாயம். பறக்கும் பவுடர் தீப்பற்றி வெடிக்கக்கூடியது, அருகில் நெருப்பு இருக்கக் கூடாது.

ஓவனில் பலர் கவனிக்காத இடம் இதுதான்: டேட்டா ஷீட்டில் 200 டிகிரி, 10 நிமிடம் என்றால் அது உலோகத்தின் சூடு, காற்றின் சூடு அல்ல. குழாயில் தெர்மோகப்பிளை (சூட்டை அளக்கும் கம்பி) கட்டி, அது 200-ஐத் தொட்ட பிறகே நேரத்தை எண்ண வேண்டும். பிரைமரை முழுக்க க்யூர் செய்யாமல் பாதியில் எடுத்தால்தான் மேல்பூச்சு அதைப் பிடிக்கும். எவ்வளவு பாதி என்பதை அந்தப் பிரைமரின் ஷீட்டே சொல்லும். சமையல் ஓவனை இதற்கு எடுத்தால் திரும்ப அடுக்களைக்குக் கொண்டுபோகக் கூடாது.

ஆறிய பிறகு சோதனை. மொத்தக் கனம் 120 முதல் 150 மைக்ரான் இருக்க வேண்டும். கூடவே கோட் செய்த உபரித் துண்டு ஒன்றில் 3 மி.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, டேப் ஒட்டிப் பிய்த்துப் பாருங்கள். ஊசித்துளைக்கு மல்டிமீட்டர் போதும்: ஒரு முனையை வெறும் இரும்பிலும் மறுமுனையைச் சோப்புத்தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சிலும் வைத்துத் தடவினால், துளை இருக்கும் இடத்தில் மீட்டர் அசையும்.

இணைக்க 316 ஸ்டெயின்லெஸ் போல்ட், இரண்டு பக்கமும் நைலான் வாஷர். ஸ்டெயின்லெஸ் நேரடியாக இரும்பைத் தொட்டால், கோட்டிங் கீறிய அந்தச் சின்ன இடத்தில் அரிப்பு முழுவதும் குவியும். குழாயின் உட்புறத்துக்குப் பவுடர் போகாது, அதனால் துளை வழியே மெழுகு வகைத் துருத்தடுப்பானை ஊற்றி, குழாயைப் புரட்டி வடியவிட்டோம்.

சட்டங்கள் முடிந்தன. அடுத்தது தட்டுகள், அவை ஹாட் டிப் கால்வனைஸ் செய்த, அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த, வலை. துத்தநாகத்தில் சிக்கிய வாயு க்யூரிங்கில் வெளியேறிக் கொப்புளம் போடும் என்பதால், குறைந்த அழுத்தத்தில் கார்னெட்டால் மேலோட்டமாகத் தடவி, க்யூரிங் சூட்டைவிட 10, 20 டிகிரி கூடுதலாக அரை மணி நேரம் வெறுமனே சூடாக்கி, ஆறவிட்டுப் பிறகே பவுடர் அடிக்கப்போகிறோம்.