480 நாளில் ஒரு செட்டர் உருவாவதில்லை

தமிழ்நாட்டில் ஆலை நடத்துகிறவர்களுக்கும் அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கும் மனப்பாடமான எண் ஒன்று உண்டு: 480. 24 மாதத்துக்குள் ஒரே இடத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரத் தொழிலாளியாகக் கருத வேண்டும் என்று 1981-ல் நம் மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், அந்த எண் நெருங்குவதற்கு முன்பே ஆளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு ஒப்பந்தக்காரர் மூலம் வேறு ஆளைக் கொண்டுவந்துவிடுவார்கள். ஒரு நாட்டின் உற்பத்தித் தொழில் எங்கே பலவீனமாகிறது என்று யாராவது கேட்டால், அந்த இடத்தைத்தான் முதலில் காட்டுவேன்.

கோயம்புத்தூரில் பம்புக்கும் மோட்டாருக்கும் உதிரிபாகம் கடையும் தொழிலில்தான் என் காலம் போனது. பாதி உற்பத்தியில், பாதி தரக்கட்டுப்பாட்டில். 1930-களில் பைகாரா மின்சாரம் வந்ததும் பஞ்சாலைகள் பெருகின, ஆலைகளுக்காகப் பட்டறைகள் வந்தன, பட்டறைகளிலிருந்து மோட்டாரும் பம்பும் பிறந்தன. இந்த ஊர்த் தொழில் வளர்ந்தது இப்படித்தான். வேலை தெரிந்தவர் பக்கத்தில் நின்று பையன்கள் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் சிலர் லேத் ஒன்றை வாங்கிப்போட்டுத் தனியாகத் தொழில் தொடங்கினார்கள்.

செட்டர் என்றால் யார் என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். மெஷினில் டூலைப் பொருத்தி, பீஸ் சரியான சைஸில் வரும்படி அமைத்துக்கொடுப்பவர்தான் செட்டர். கம்ப்யூட்டர் இயக்கும் சிஎன்சி மெஷினில் புரோகிராம் இருக்கிறது, பட்டனை அழுத்தினால் அதுவே கடைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மோட்டாருக்குள் சுழலும் தண்டான ஷாஃப்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பேரிங் உட்காருகிற இடம் 25 மில்லிமீட்டர் விட்டம். அதில் அனுமதிக்கப்பட்ட வித்தியாசம் மொத்தமே 13 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 13 பங்கு. தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சைஸ் குறைந்தால் ஷாஃப்ட் மேல் பேரிங் நழுவிச் சுற்றி உலோகத்தைத் தின்னும். கூடிவிட்டால் பேரிங்குக்குள் இடைவெளி போய், சூடேறி, சீக்கிரமே சத்தம் போட ஆரம்பிக்கும். எங்கோ ஒரு தோட்டத்தில் விவசாயியின் பம்ப் நின்றுபோகும்.

எங்கள் ஷாப்பில் ஒரு மூத்த செட்டர் இருந்தார். ஐடிஐ-யில் டர்னர் முடித்துவிட்டு அப்ரெண்டிஸாக வந்து அங்கேயே நிலைத்தவர். டீ பிரேக் முடிந்து மெஷினை ஓட்டியதும் முதலில் வரும் சில பீஸ்களைத் தனி டிரேயில் ஒதுக்கிவைப்பார். எந்த ஒர்க் இன்ஸ்ட்ரக்‌ஷனிலும் அது எழுதியிருக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "நாம டீ குடிக்கிற நேரத்துல மெஷினும் ஆறிப்போயிடுதுங்க சார். சூடு ஏறுற வரைக்கும் சைஸ் நிக்காது" என்றார். ஒதுக்கியதை அளந்து பார்த்தோம். முதல் பீஸுக்கும் கடைசி பீஸுக்கும் இருந்த வித்தியாசமே அந்த 13 மைக்ரானில் பெரும்பகுதியை விழுங்கியிருந்தது. பீஸைச் சுழற்றும் ஸ்பிண்டிலும் டூலை நகர்த்தும் பால் ஸ்க்ரூவும் குளிர்ந்தால் சுருங்கும், ஓடினால் நீளும். பாடப்புத்தகத்தில் நானும் படித்ததுதான். ஆனால் அந்த மெஷினில், அந்த ஷிஃப்டில், எத்தனை பீஸ் வரைக்கும் ஒதுக்க வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். உலோகத்தைக் கடையும் இன்சர்ட் முனை தேய்வதைச் சத்தத்திலும் சுருளாக வரும் உலோகச் சீவலின் நிறத்திலும் கண்டுபிடிப்பார். சைஸ் பார்க்கும் கேஜ் 'நோ-கோ', அதாவது தேறாது, என்று சொல்வதற்கு முன்பே மெஷினில் சைஸைத் திருத்தும் ஆஃப்செட்டை மாற்றியிருப்பார்.

அவர் ஓய்வு பெற்றதும் அந்த மெஷினுக்கு ஒப்பந்தப் பையன்கள் வந்தார்கள். கெட்டிக்காரப் பையன்கள். ஒருவன் ஒடிசாவிலிருந்து வந்தவன். நான் டீ பிரேக் விஷயத்தைச் சொன்ன அடுத்த வாரமே, திங்கட்கிழமை காலையில் இன்னும் அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்று அவனாகவே கண்டுபிடித்துச் சொன்னான். ஞாயிறு முழுக்க மெஷின் நின்றிருக்கும் அல்லவா! இவன்தான் அடுத்த செட்டர் என்று மனதில் குறித்துவைத்தேன். மேலே எழுதியும் கொடுத்தேன். 480 நெருங்கியது, அவனை நிறுத்திவிட்டார்கள். அடுத்து வந்தவனுக்கு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

முதலாளிகளை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று 2006-ல் வந்த சட்டம் சொல்கிறது. பெரிய கம்பெனிக்குச் சரக்கு அனுப்பிவிட்டு மூன்று மாதம், நான்கு மாதம் காசுக்குக் காத்திருக்கிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அடுத்த மாதம் ஆர்டர் இருக்குமா என்றும் தெரியாது. அப்படிப்பட்டவர் எந்தத் தைரியத்தில் ஆளை நிரந்தரமாக்குவார்? மேலே இருப்பவர் கீழே தள்ளிய சுமை கடைசியில் மெஷினுக்கு முன்னால் நிற்கும் பையன் தலையில் இறங்குகிறது.

இது கோவையோடு நிற்கிற கதையும் இல்லை. பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் ஐந்தில் ஒருவராக இருந்தார்கள். இன்று ஐந்தில் இருவர் என்று மத்திய அரசின் தொழிற்சாலைக் கணக்கெடுப்பே காட்டுகிறது. 2011-ல் வந்த தேசிய உற்பத்திக் கொள்கை, 2022-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 25 சதவீதம் ஆலைகளிலிருந்து வர வேண்டும், 10 கோடிப் பேருக்குப் புதிதாக வேலை வர வேண்டும் என்றது. 2022 வந்து போய்விட்டது, நாம் 20-ஐக்கூடத் தொடவில்லை. நிலம், மின்சாரம், வரி என்று இதற்குப் பல காரணம் சொல்கிறார்கள். எல்லாமே உண்மைதான். ஆனால் வேலை தெரிந்த ஆளை நாமே வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்பதை யாரும் அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

நம்மால் முடியாது என்றும் சொல்ல முடியாது. 1998-ல் சென்னை பாடியில் இருக்கும் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. 2002-ல் டிவிஎஸ் மோட்டார் வாங்கியது. அந்தப் பரிசுக்குப் புது மெஷின் வாங்கிப்போட்டால் போதாது. லைனில் நிற்பவர் தன் வேலையின் காரணத்தைப் புரிந்துகொண்டு, குறையைத் தானே கண்டுபிடித்துச் சரிசெய்கிறாரா என்று பார்ப்பார்கள். 480 நாளுக்குள் கிளம்பப்போகிறவரிடம் அதை எதிர்பார்ப்பதில் நியாயமே இல்லை.

2023 முதல் தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐ-க்களை டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து புதுப்பித்திருக்கிறார்கள். ரோபோ, சிஎன்சி, 3டி பிரிண்டர் எல்லாம் வந்திருக்கின்றன. எனக்கு உண்மையிலேயே பெரிய சந்தோஷம். ஆனால் அங்கிருந்து வெளியே வரும் பிள்ளையை எந்த ஷாப்பில், யார் பக்கத்தில் நிறுத்தப்போகிறோம்? 1961-லிருந்தே அப்ரெண்டிஸ் சட்டம் இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனம் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரெண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். பல இடங்களில் அவர்களைக் குறைந்த காசுக்குக் கிடைத்த கூடுதல் ஆளாக லைனில் நிறுத்திவிடுகிறார்கள். செட்டர் பக்கத்தில் நிறுத்துவதில்லை.

உற்பத்தியைப் பெருக்கும் ஆலைகளுக்காக மத்திய அரசு 2020-ல் தொடங்கிய பிஎல்ஐ திட்டத்தில் ஊக்கத்தொகை பெரும்பாலும் கூடுதல் விற்பனையை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. அதே படிவத்தில் இன்னும் இரண்டு கேள்வி சேர்க்கலாம். இந்த வருடம் எத்தனை ஆபரேட்டர்களைச் செட்டராக உயர்த்தினீர்கள்? இரண்டு வருடத்துக்கு முன்பு உயர்த்தியவர்களில் எத்தனை பேர் இன்னும் உங்களிடம் வேலை பார்க்கிறார்கள்? பதிலை வைத்துக் காசு கொடுங்கள். அதோடு 45 நாள் சட்டத்தை மீறும் பெரிய கம்பெனிக்கு அந்தக் காசை நிறுத்திவையுங்கள்.