கப்பலில் ஒரு பாட்டிலும் ஒரு பை அழுக்குத்துணியும்

சொகுசுக் கப்பலில் போய்வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கடலைப் பற்றிக் கொஞ்ச நேரம் சொல்வார்கள். அப்புறம் எப்படியும் இரண்டு விஷயத்துக்கு வந்து நிற்பார்கள்: கப்பல்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்ட பாட்டில், துவைக்க வழியில்லாத துணி. இதெல்லாம் ஒரு குறையா என்று கேட்பவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவை மேற்பார்வை பார்த்துத்தான் நான் ஓய்வு பெற்றேன். சோப்பு, நீராவி, பஞ்சுத்தூசி, விருந்தாளியின் கோபம் எல்லாம் எனக்குத் தொழிலாக இருந்தவை. காசு கொடுத்து வந்த மனிதருக்கு ஒரு விதியை எப்போது சொல்கிறோம், என்ன காரணம் சொல்கிறோம் என்பதில் பாதி மரியாதை அடங்கியிருக்கிறது. கப்பலில் அந்த மரியாதை குறைவாக இருந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான், அக்கா, அத்தான் மூவரும் போயிருந்தோம். ஏறின அன்று எங்கள் பெட்டிகள் கேபின் வாசலுக்கு வந்துவிட்டன, அக்காவுடையது மட்டும் வரவில்லை. அதில்தான் அத்தானின் மருந்துகள் இருந்தன. விசாரித்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனால், செக்யூரிட்டி அறை வாசலில் ஒரு வரிசையே நின்றது. உள்ளே மேஜைமேல் விஸ்கி பாட்டில்கள், தண்ணீர் பாட்டில்கள், இஸ்திரிப் பெட்டிகள், ஒரு மின்சாரக் கெட்டில். அக்காவின் பெட்டியில் துணிச் சுருக்கம் எடுக்கிற சின்ன ஸ்டீமர் ஒன்று இருந்திருக்கிறது. அதை எடுத்து வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். அந்தப் பையன் மரியாதையாகத்தான் பேசினான், அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் விஸ்கிக்காரருக்கும் தண்ணீர் பாட்டில்காரருக்கும் அக்காவுக்கும் அவன் சொன்ன காரணம் ஒன்றேதான்: பாதுகாப்பு.

ஸ்டீமருக்கு அது உண்மையான காரணம். கடல் நடுவே தீப்பிடித்தால் ஓடுவதற்கு இடமில்லை. 2006 மார்ச் 23 அன்று ஜமைக்காவுக்குப் பக்கத்தில் ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் ஒரு பால்கனியில் பிடித்த தீ, பிளாஸ்டிக் தடுப்புகள் வழியாகப் பல தளங்களுக்குப் பரவியது. அணைக்காமல் போட்ட சிகரெட்டாகத்தான் இருக்கும் என்று விசாரணையில் முடிவு சொன்னார்கள். ஒரு பயணி இறந்துபோனார். பால்கனிகளிலும் தீ கண்டறியும் கருவியும் தண்ணீர் தெளிப்பானும் வேண்டும் என்று சர்வதேச விதி வந்ததே அதற்குப் பிறகுதான். 1998 ஜூலை 20 அன்று மயாமியிலிருந்து கிளம்பிய எக்ஸ்டஸி கப்பலில் தீ ஆரம்பித்த இடமே சலவைக்கூடம். துணி தேய்க்கும் பெரிய உருளை இயந்திரத்தைப் பழுதுபார்க்க வெல்டிங் வைத்தபோது, காற்றுக்குழாயில் சேர்ந்து கிடந்த பஞ்சுத்தூசி பற்றிக்கொண்டது. அங்கிருந்து பின்தளத்தில் கப்பலைக் கட்டும் செயற்கை இழைக் கயிறுகளுக்குத் தாவியது. பஞ்சுத்தூசி எப்படிப் பிடிக்கும் என்று கண்ணால் பார்த்தவள் நான். உலர்த்தும் இயந்திரத்தின் வடிகட்டியைச் சுத்தம் செய்யாமல் எங்கள் பிரிவில் யாரையும் வீட்டுக்கு அனுப்பியதில்லை. அதனால் கேபினில் இஸ்திரி கூடாது, பால்கனிக் கம்பியில் ஈரத்துணி காயப்போடக் கூடாது என்றால் மறுபேச்சு பேசமாட்டேன்.

அதே வார்த்தையைத் தண்ணீர் பாட்டிலுக்கும் சொல்வதுதான் எனக்கு ஏறவில்லை. தண்ணீர் பாட்டிலில் என்ன ஆபத்து? உள்ளே இருப்பது தண்ணீரா வோட்காவா என்று எக்ஸ்ரே சொல்லாது, அவ்வளவுதான். மூடியைப் புதிதுபோல ஒட்டி எடுத்துவருகிறவர்கள் இருக்கிறார்கள். வாய் கொப்பளிக்கும் மருந்தின் பாட்டிலில் நிறம் சேர்த்த மது கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள். இதனால்தான் 2015-ல் கார்னிவல் என்ற கப்பல் நிறுவனம் மதுவில்லாத எந்தப் பானத்தையும் பாட்டிலில் கொண்டுவரக் கூடாது, டப்பாவில் மட்டும் ஒருவருக்குப் பன்னிரண்டு என்று விதியை மாற்றியது. சிலர் செய்யும் வேலைக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டியிருக்கிறது. சரி, அதையாவது அப்படியே சொல்லலாமே?

மது விதிக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் வருமானம். கப்பல் நிறுவனங்கள் டிக்கெட்டை மலிவாக விற்றுவிட்டு, மீதியைக் கப்பலுக்குள் ஈட்டுகின்றன. பெரிய நிறுவனங்களின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கப்பலுக்குள் நடக்கும் விற்பனையிலும் அதைச் சார்ந்தவற்றிலும் வருகிறது: மதுக்கூடம், சூதாட்டக்கூடம், கரைச்சுற்றுலா, இணைய வசதி, ஸ்பா. நீங்கள் கையோடு ஒரு பாட்டில் கொண்டுவந்தால் மதுக்கூடத்தில் அந்த அளவு விற்பனை குறையும். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. வியாபாரம் செய்கிறார்கள், செய்யட்டும். பாதுகாப்பு என்ற நியாயமும் கொஞ்சம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மதுக்கூடத்தில் ஒருவர் அளவு மீறினால் ஊற்றிக் கொடுப்பவர் நிறுத்திவிடலாம். மூடிய கேபினுக்குள் எவ்வளவு போகிறது என்று யாருக்கும் தெரியாது. பால்கனியோடு கூடிய அறையில் அது கவலைக்குரிய விஷயம்தான்.

ஆனால் அந்தக் கவலை இருப்பவர்கள் டிரிங்க்ஸ் பேக்கேஜை இப்படி விற்பார்களா? பயணம் முழுக்கத் தினமும் ஒரு தொகை, எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம், கார்னிவலில் என்றால் 24 மணி நேரத்தில் 15 கோப்பை மது வரை. முன்கூட்டியே பணம் கட்டியவர் என்ன செய்வார்? கட்டின காசுக்குக் குடிக்கப் பார்ப்பார். இரவு உணவோடு ஒரு கோப்பை போதும் என்று இருப்பவர்களும் மதியத்திலேயே ஆரம்பிப்பதைப் பார்த்தேன். எனக்கு அது வருத்தமாக இருந்தது.

எங்கள் குடும்பத்துக்கு வந்த தொல்லை வேறு. அக்காவுக்கு மாலையில் ஒயின் பிடிக்கும். அத்தான் சாப்பிடும் மருந்துக்கு மது ஆகவே ஆகாது. ஒரே கேபினில் இருக்கும் பெரியவர்களில் ஒருவர் மது பேக்கேஜ் எடுத்தால் எல்லோரும் எடுக்க வேண்டும் என்பது விதி. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இந்த விதி உண்டு. ஒருவர் வாங்கி இருவர் பகிர்ந்துகொள்வார்கள் என்று பயம். அதற்காகக் குடிக்கவே முடியாத ஒரு மனிதரிடம் அவர் தொட முடியாத மதுவுக்குக் காசு கேட்பது எனக்கு நியாயமாகவே படவில்லை. அதன்மேல் சேவைக்கட்டணம் என்று 18 சதவீதம் வேறு.

அக்கா விடவில்லை. மருந்துச் சீட்டோடு கவுண்டருக்குப் போனாள். அங்கிருந்த பெண் பொறுமையாகப் படித்துப் பார்த்து, மேலதிகாரியிடம் பேசி, அத்தானுக்கு மதுவில்லாத பேக்கேஜ் போட்டுக் கொடுத்தாள். நல்ல பெண். இப்படி ஒரு வழி இருக்கிறது என்பது கையேட்டில் எங்குமே இல்லை. கேட்கத் தெரிந்தவருக்குக் கிடைக்கிறது, கூச்சப்படுகிறவர் முழுக் காசையும் கட்டிவிட்டுப் போகிறார். எங்களுக்குப் பின்னால் நின்ற தம்பதி, "இப்படிக் கேட்கலாமா?" என்று அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள்.

கொண்டுபோக நினைப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கார்னிவலும் ராயல் கரீபியனும் ஏறும் நாளில் வயதுவந்த ஒருவருக்கு 750 மில்லி ஒயின் அல்லது ஷாம்பெயின் ஒரு பாட்டில் அனுமதிக்கின்றன, அதுவும் கைப்பையில் இருக்க வேண்டும். நார்வீஜியன் கப்பல்களில் அதற்கு மேலும் ஒயின் கொண்டுவரலாம், ஆனால் பாட்டிலுக்கு இவ்வளவு என்று கட்டணம். விஸ்கி, ரம் போன்றவற்றுக்கு இங்கெல்லாம் இடமில்லை. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து கிளம்பினால் வயது 21, ஐரோப்பாவிலிருந்து என்றால் பொதுவாக 18. வழியில் துறைமுகத்தில் வாங்குவதைக் கப்பலேறும்போது வாங்கி வைத்துக்கொண்டு கடைசியில்தான் தருவார்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன, கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி துணி.

குழந்தைகளோடு வந்தவர்கள் பட்ட பாடு கண்முன்னே நிற்கிறது. எங்களுக்குப் பக்கத்துக் கேபினில் ஒரு இளம் அம்மா, இரண்டு சின்னப் பிள்ளைகள். நீச்சல்குளம், மணல், வாந்தி என்று தினமும் குவியல். எங்கள் கப்பலில் நாமே துவைத்துக்கொள்ளும் இயந்திர அறை கிடையாது. குளியலறையில் இழுத்துக் கட்டும் ஒரு மெல்லிய கொடி இருந்தது. அதில் நாலு சின்ன உடுப்புக்கு மேல் தாங்காது, ஜன்னல் இல்லாத அந்த அறையில் பருத்தித் துணி காயவும் காயாது. மற்ற வழி, பையில் போட்டுக் கொடுப்பது. உருப்படிக்கு இவ்வளவு என்று விலை. ஒரு குழந்தைச் சட்டையைத் துவைக்கும் கூலி, அந்தச் சட்டையின் விலையை நெருங்கியது. பயணத்தின் நடுவில் ஒருநாள், பை நிறைய அடைத்துக் கொடுத்தால் ஒரே விலை என்று சீட்டு வரும். அது வரும் என்று முன்பே தெரிந்திருந்தால் அந்த அம்மா அதற்கு முன் அவ்வளவு செலவழித்திருக்க மாட்டாள். கடைசி இரண்டு நாள் துணியே வாங்க மாட்டோம் என்பதையும் அப்போதுதான் சொன்னார்கள்.

என் கையில் வந்து சேர்ந்த அத்தானின் பருத்திச் சட்டை ஒரு சுற்று சுருங்கியிருந்தது. காலர் பட்டையைத் தடவிப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அதிகச் சூட்டில் உலர்த்தியிருக்கிறார்கள். புகார் சொன்னபோது, துணிப்பையோடு வரும் படிவத்தைக் காட்டினார்கள். சுருக்கம், சாயம் போவது எதற்கும் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருந்தது. நாங்கள் வேலை பார்த்த இடத்தில் துணியின் உட்பட்டியில் இருக்கும் துவைக்கும் குறிப்பைப் படிக்காமல் இயந்திரத்தில் போடுவது பெரிய தவறு. கைவிட்டுப் பிரித்து அடுக்குவதுதான் சலவையில் பாதி வேலை.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கப்பலின் உள்வேலைகளைக் காட்டும் சுற்றுப்பயணம் ஒன்றைக் காசுக்கு நடத்துகிறார்கள். சமையலறை, மாலுமிகளின் கட்டுப்பாட்டு அறையோடு சலவைக்கூடத்தையும் காட்டினார்கள். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள், நான் நகரவில்லை. ஜன்னல் கிடையாது. உருளை இயந்திரத்தின் ஒரு பக்கம் இருவர் படுக்கை விரிப்பை விரித்து நுழைக்க, மறுபக்கம் அது மடிந்து வருகிறது. அந்த அனல் என் முகத்துக்குப் பழக்கமானது. ஐகான் ஆஃப் த சீஸ் மாதிரியான கப்பலில் கேபினுக்கு இருவர் என்று கணக்கிட்டாலே 5,600 பயணிகள், 2,350 ஊழியர்கள். எங்கள் கப்பல் அதைவிடச் சிறியதுதான். ஆனாலும் அத்தனை பேருக்கும் குளத்துத் துண்டு, மேஜைவிரிப்பு, சமையல்காரரின் சீருடை எல்லாம் முடிந்த பிறகுதான் பயணியின் சட்டைக்கு முறை வரும். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை ஊழியருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு என்கிறது. அப்படியென்றால் மீதிப் 14 மணி நேரம்வரை அந்த அனலில் நிற்க வைக்கலாம். சட்டையின் பட்டியைப் படிக்க அவர்களுக்கு நேரம் எங்கே? சட்டை சுருங்கியதற்கு அந்தப் பையன்களைத் திட்ட எனக்கு மனம் வராது. ஆள் போதாமல் வேலை வாங்குகிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கப்பலில் தண்ணீர் அருமையானது என்று நிறுவனங்கள் சொல்லும். கடல்நீரைக் கொதிக்க வைத்தும் சவ்வு வழியாக அழுத்தியும் நன்னீராக்குகிறார்கள், அதற்கு எரிசக்தி வேண்டும், உண்மைதான். ஆனால் பிரின்சஸ் கப்பல்களில் பயணிகளே துவைத்துக்கொள்ளும் அறைகள் இருக்கின்றன. டிஸ்னியிலும் இருக்கின்றன. வைக்கிங்கின் கடல் கப்பல்களில் அது இலவசம். இஸ்திரிப் பெட்டியும் அந்த அறையிலேயே இருக்கும். கேபினில் இஸ்திரி கூடாது என்ற விதிக்குச் சரியான துணை அதுதான். ஒன்றைத் தடுத்தால் இன்னொரு வழியைத் திறந்துவிட வேண்டும். அந்த அறைகளிலும் சண்டை உண்டு, ஒருவர் துணியை இன்னொருவர் எடுத்து வெளியே வைப்பார். இருக்கட்டும், அந்தச் சண்டையைப் பெரியவர்கள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். சட்டைக்கு நஷ்டஈடு கேட்கவில்லை. பணம் கட்டும் பக்கத்திலேயே, கட்டுவதற்கு முன்னால், மது விதி என்ன, துவைக்கும் அறை உண்டா இல்லையா, மொத்தப் பை விலை எந்த நாளில் வரும், மருந்துச் சீட்டு உள்ளவருக்கு என்ன மாற்று என்று எழுதுங்கள் என்றேன். தீ காரணமாக வந்த விதியையும் வருமானம் காரணமாக வந்த விதியையும் தனித்தனியாகச் சொல்லுங்கள் என்றேன். சலவைக்கூடத்தில் ஆள் கூட்டச் சொல்லியும் எழுதினேன். உங்கள் கருத்துக்கு நன்றி, அடுத்த பயணத்துக்குக் கட்டணச் சலுகை தருகிறோம் என்று பதில் வந்தது. நான் கேட்டவற்றில் ஒன்றைப் பற்றியும் அதில் ஒரு வரி இல்லை. சலுகை வேண்டாம், கேள்விகளுக்குப் பதில் வேண்டும் என்று நேற்று மறுபடியும் எழுதியிருக்கிறேன். வந்தால் இங்கே போடுகிறேன்.