அயனீன் பலபடிகளில் ஆய்வு தொடங்குபவர்களுக்கு

மின்சுமை பக்கக் கிளைகளில் தொங்காமல் முதன்மைச் சங்கிலியிலேயே அமைந்த பலபடிகளை ஆய்வுத் தலைப்பாக எடுத்தபோது, எந்தப் பயன்பாட்டுக்கு எந்த அமைப்பு என்று வரைந்து பார்ப்பதிலேயே என் முதல் ஆறு மாதங்கள் கழிந்தன. அது வீணான உழைப்பு அல்ல. ஆனால் தராசுக்கும் அதே கவனத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

புதியவர்கள் அயனீன்களில், அதாவது நேர்மின்சுமை கொண்ட நான்கிணைய அம்மோனியம் (நான்கு கார்பன்களோடு இணைந்த நைட்ரஜன்) முதன்மைச் சங்கிலியிலேயே அமைந்த பலபடிகளில், தொடங்குவது நல்லது. இரண்டு மூவிணைய அமீன் தொகுதிகளைக் கொண்ட டைஅமீனும் ஒரு டைபுரோமைடும் மென்ஷுட்கின் வினையில் கோத்துக்கொள்ள, ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு நான்கிணைய அம்மோனியம் உருவாகிறது, வினையூக்கி தேவையில்லை. நைட்ரஜன்களுக்கு இடையே எத்தனை கார்பன் என்பதை நாமே முடிவு செய்வதால் மின்சுமைகளின் அடர்த்தி நம் கையில் இருக்கிறது. வைரஸ் வழியாக மரபணுவைச் செல்லுக்குள் செலுத்தும் சோதனைகளில் பயன்படும் பாலிபிரீன், 3 கார்பனும் 6 கார்பனும் மாறி மாறி வரும் அயனீன்தான். இடைவெளியை மிகவும் குறைத்தால் சங்கிலிக்குப் பதிலாக வளையம் உருவாகிவிடும்.

என் முதல் தொகுதியின் கரைசலைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி உலர்த்தியபோது, அது படலமாக உரிந்து வராமல், வற்றிய குளத்து வண்டலைப் போல வெடித்துச் சில்லுகளாகக் கிடந்தது. கரைப்பானையும் வெப்பநிலையையும் மூன்று வாரம் மாற்றிப் பார்த்தேன். பலமுறை திறந்து மூடிய டைஅமீன் புட்டியில் ஏறியிருந்த ஈரமே காரணம். நிறுத்த எடையில் ஒரு பங்கு தண்ணீராக இருந்ததால் மோல் விகிதம் பிறழ்ந்திருந்தது. கரோதர்ஸ் சமன்பாட்டின்படி, வினை முழுமையாக முடிந்தாலும், விகிதம் 0.99 என்றால் சராசரியாக 199 அலகுகள் சேரும், 0.95 என்றால் 39 மட்டுமே. டைஅமீனை உலர்த்தி, வாலைவடித்து, அன்றே எடைபோடுங்கள்.

பாகுநிலையை அளக்கும்போதும் திகைக்க வேண்டாம். உப்பில்லாத நீரில் கரைசலை நீர்க்கச் செய்யச் செய்ய ஒடுக்கப்பட்ட பாகுநிலை (கரைபொருளால் கூடும் பாகுநிலையின் பங்கைச் செறிவால் வகுத்தது) ஏறும். எதிரயனிகள் (சங்கிலியின் நேர்மின்சுமையை ஈடுசெய்யும் புரோமைடு அயனிகள்) விலகிச் செல்ல, ஒரே வகை மின்சுமைகள் ஒன்றையொன்று விலக்கிச் சங்கிலியை விரிப்பதே காரணம். நான் அதைக் கருவியின் பிழை என்று நினைத்து ஒரு நாளை இழந்தேன். சிறிது சோடியம் புரோமைடு சேர்த்ததும் வழக்கமான நேர்கோடு கிடைத்தது.

எதிரயனியின் தேர்வையும் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். கார எரிமின்கலச் சவ்வுக்காக ஹைட்ராக்சைடுக்கு மாற்றுவதானால், ஹாஃப்மன் நீக்கத்தால் (ஹைட்ராக்சைடு ஒரு ஹைட்ரஜனைப் பறிக்க, கார்பன்-நைட்ரஜன் பிணைப்பு முறியும் வினை) சங்கிலியே அறுபடக்கூடும். ஆகவே படலம் வார்ப்பதற்கு முன்பே ஒரு சிறு மாதிரியைச் சூடான காரத்தில் வைத்துச் சோதித்துவிடுங்கள்.