பத்துமலையில் பத்து என்பது எண்ணன்று

பத்துமலை என்ற பெயரைக் கேட்டு, அங்கே பத்துக் குன்றுகள் வரிசையாக நிற்கும் என்றே நான் பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். கோலாலம்பூர் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறி அமர்ந்ததும் இதைச் சொன்னபோது, உடன் வந்த பெரியம்மா சிரித்துவிட்டார். மலேசியாவில் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். எழுபது வயதைத் தாண்டியவர். "பத்துன்னா மலாய்ல கல்லு தம்பி. நீ எண்ணிக்கிட்டே போனா ஒரு மலைதான் கிடைக்கும்" என்றார்.

அவர் சொன்னதே உண்மை. மலையை ஒட்டி ஓடும் ஆற்றுக்குச் சுங்கை பத்து, அதாவது கல்லாறு என்று பெயர். அந்தப் பெயரே மலைக்கும் வந்தது என்கிறார்கள். பத்து பகாட், பத்து காஜா என்று அந்நாட்டு ஊர்ப்பெயர்களில் இந்தக் கல் பல இடங்களில் கிடக்கிறது. முன்னது செதுக்கிய கல், பின்னது யானைக்கல். ஆனால் தமிழ்க் காது எண்ணைக் கேட்டுவிட்டால் எளிதில் விடுமா? தாய்த்தமிழகத்து அறுபடை வீடுகளோடு ஈப்போவின் கல்லுமலை, பினாங்கின் தண்ணீர்மலை, மலாக்காவின் சன்னாசிமலை ஆகியவற்றைக் கூட்டி, இதைப் பத்தாவது மலையாகக் கொள்ளும் அன்பர்கள் உண்டு. சொல்லாராய்ச்சியில் இந்தக் கணக்கு நிற்காது. எனினும் கடல் கடந்து வந்தவர்கள் தங்கள் முருகனை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து எண்ணியிருக்கிறார்கள் என்ற அளவில் எனக்கு அது பிடித்திருக்கிறது.

ரயிலை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது 2006இல் திறக்கப்பட்ட 140 அடி உயர முருகன் சிலை. அதன் பொன்வண்ணத்தையும் 2018இல் பல நிறம் பூசப்பட்ட 272 படிகளையும் எல்லோரும் படம் எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். அதை முடித்த பிறகு பின்னால் நின்ற மலையைப் பார்த்தேன். உச்சியில் அடர்ந்த காடு. அதற்குக் கீழே செங்குத்தாக இறங்கும் வெளிறிய பாறை. அதில் மழைநீர் வழிந்த இடங்களிலெல்லாம் கருங்கோடுகள். நம் ஊர்க் குன்றுகளைப் போல உருண்டு திரண்ட கருங்கல் அன்று இது. சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல். வெற்றிலையில் தடவும் கல்சுண்ணாம்பும் இந்த இனத்துக் கல்லைச் சுட்டு எடுப்பதுதான்.

கருங்கல்லைக் குடைய உளி வேண்டும். இந்தக் கல்லுக்கு மழையே போதும். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீர் சற்றே புளித்து, வெடிப்புகளில் நுழைந்து, கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு போகிறது. இப்படித்தான் மலையின் வயிற்றில் இவ்வளவு பெரிய வெற்றிடம் உண்டாயிற்று. தெமுவான் பழங்குடியினர் ஒதுங்கிய இடம் இது; பின்னர் சீனர்கள் வௌவால் எச்சத்தைத் தோட்டத்து உரத்துக்காக அள்ளிச் சென்றார்கள். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலை நிறுவிய கா. தம்புசாமிப் பிள்ளை இங்கு வந்தபோது குகைவாயிலில் வேலின் வடிவத்தைக் கண்டார் என்பதும், அதன் பின்னரே இங்கு முருகன் வழிபாடு தொடங்கியது என்பதும் வரலாறு. 1892 முதல் தைப்பூசம் நடந்து வருகிறது. தைப்பூசத்தையொட்டி, அம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டுச் சுமார் 15 கிலோமீட்டர் ஊர்ந்து இங்கே வந்து சேரும்.

நாங்கள் சென்றது கூட்டமில்லாத ஒரு புதன்கிழமை. பெரியம்மா ஐம்பது படிக்கு ஒரு முறை நின்றார். ஒவ்வொரு முறையும் குரங்கிடமிருந்து பூக்கூடையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். சிறுமியாக இருந்தபோது தோட்டத்திலிருந்து லாரியில் வந்து ஆற்றில் குளித்து, தம் அப்பாவின் காவடிக்குப் பின்னால் இதே படிகளில் ஏறிய கதையை அந்த நிறுத்தங்களில் தவணை தவணையாகச் சொன்னார்.

குகைக்குள் நுழைந்ததும் வெயில் அறுந்து, ஈரக்குளிர் தோளில் இறங்கியது. விதானம் சுமார் 300 அடி உயரத்தில் இருந்தது. அங்கிருந்து கல் திரிதிரியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பைச் சுமந்து வரும் நீர், சொட்டும் முன் ஒரு துளி கல்லை அங்கேயே விட்டுவிட்டு விழுவதால் உண்டான விழுதுகள் அவை. குருக்கள் தீபம் காட்டித் திருநீறு கொடுத்தார். அதை உள்ளங்கையில் ஏந்தியபடி நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, மேலிருந்து ஒரு சொட்டு நேராகக் கைக்குள் விழுந்தது. திருநீறு குழைந்து விழுதாயிற்று. சந்நிதியில் நின்று கல்லையும் மழையையும் பற்றி நினைத்துக்கொண்டிருந்ததற்குச் சற்றே வெட்கப்பட்டு, குழைந்த நீற்றை அப்படியே நெற்றியில் இட்டுக்கொண்டேன். நீரில் குழைத்து இட்ட நீறு காய்ந்தபின்தானே பளிச்சென்று தெரியும்!

இன்னும் சில படிகள் ஏறி வள்ளி தெய்வானை சந்நிதியை அடைந்தோம். அங்கே விதானமே இல்லை. நீர் அரித்து அரித்துக் கூரையைத் திறந்துவிட்டது போலும். அந்த வட்டத்தின் விளிம்பில் மரங்கள் எட்டிப் பார்க்க, நடுவில் வானம் தெரிந்தது. பெரியம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் நெடுநேரம் கைகூப்பி நின்றார். நான் அவர் செருப்பில்லாத பாதங்களையும், ஈரக்கல்லில் அவற்றின் தடம் மங்கிக்கொண்டிருந்ததையும் பார்த்தபடி இருந்தேன்.

இறங்கும்போது, மறுநாள் ஈப்போ செல்லும் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டார். அங்கே கல்லுமலைக்குப் போவதாக ஏற்பாடு. அதுவும் சுண்ணாம்புக்கல் மலையை ஒட்டிய முருகன் கோயில்தான்.

"ரெண்டும் ஒரே பேருதான், கவனிச்சியா?" என்றார். "இங்க மலாய்ல கல்லு, அங்க தமிழ்ல கல்லு."