முள் எண்பதில் நிற்கும்போது

செப்டம்பர் 22

பினாங்குப் பாலத்தில் அப்பா காரின் வேகமானி முள் 80. கைப்பேசியின் ஜிபிஎஸ் கணக்கில் 76. நேற்றும் இப்படித்தான்.

செப்டம்பர் 23

அப்பாவுக்கு இரவு முழுக்க இருமல். காலையில் மறுபடி நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் நின்றபடியே பேசிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். "பார்ப்போம்" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

திரும்பும்போது பாலத்தில் முள்ளை 80-இலேயே வைத்திருந்தேன். வரம்பு அதுதானே. பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்தான். நான் 76-இல் ஊர்கிறேன் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் மீட்டரும் கூட்டித்தான் காட்டியிருக்கும். அப்புறம் எதற்கு ஹார்ன்?

செப்டம்பர் 25

தூக்கம் வரவில்லை. படுத்துக்கொண்டே வேகமானியைப் பற்றிப் படித்தேன்.

ஐ.நா. வாகன விதிகளில் 39-ஆவது இதற்கென்றே இருக்கிறது. மலேசியா 2006-இல் அந்த விதிகளுக்கான ஒப்பந்தத்தில் சேர்ந்தது. விதி ஒருதலைப்பட்சமானது. மீட்டர் காட்டும் வேகம் உண்மையான வேகத்துக்குக் கீழே போகவே கூடாது. மேலே போகலாம், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதோடு 4 கிலோமீட்டரும் வரை. ஓடுவது 80 என்றால் 92 வரை காட்டலாம். 110 என்றால் 125 வரை. குறைத்துக் காட்டினால் குற்றம், கூட்டிக் காட்டினால் குற்றமில்லை என்றால் எந்தக் கம்பெனிக்காரன் சரியாகக் காட்ட மெனக்கெடுவான்? கொஞ்சம் கூட்டியே வைத்துவிடுவான்.

அப்பாவின் புரோட்டோன் விரா இந்த ஒப்பந்தத்துக்கு முந்தைய கார். கேபிள் மீட்டர். கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தை மூடினாற்போல் ஓர் அலுமினியக் கிண்ணம். இரண்டும் தொடுவதே இல்லை. சுற்றுகிற காந்தம் கிண்ணத்தில் மின்னோட்டத்தைக் கிளப்பித் தன்னோடு இழுக்கப் பார்க்கிறது. மெல்லிய சுருள்வில் ஒன்று விடாமல் பிடித்துக்கொள்கிறது. இழுபறி எங்கே நிற்கிறதோ அங்கே முள் நிற்கும். 1902-இல் ஜெர்மனியின் ஓட்டோ சூல்சே காப்புரிமை வாங்கிய யோசனை. காந்தம் களைத்தால் முள் இறங்கும், வில் களைத்தால் ஏறும். இதில் எது எப்போது களைக்கும் என்று யார் சொல்வது?

மணி மூன்றாகிவிட்டது. ஏழு மணிக்கு வார்டில் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 26

ரத்தத்தில் ஆக்சிஜன் அளக்கும் விரல் கிளிப்பில் 93. நர்ஸ் நம் பிள்ளைதான். இந்த எண் எவ்வளவு சரியாக இருக்கும் என்று கேட்டேன். "ரெண்டு கூடக் குறைய இருக்கும் அண்ணே. கை ஜில்லுன்னு இருந்தா இன்னும் மாறும்" என்றாள். எந்தப் பக்கம் மாறும் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

அப்பாவின் கையைத் தேய்த்துவிட்டேன். 94.

செப்டம்பர் 28

அம்மாவைப் பார்க்கச் சுங்கைப்பட்டாணிக்குப் போனோம். சின்னம்மா வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறார். நாங்கள் அவரிடம் எதையும் சொல்லவில்லை.

நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கற்கள் இருக்கின்றனவே, கைப்பேசியை எதற்கு நம்ப வேண்டும்? முள்ளை 80-இல் பிடித்துக்கொண்டு இடது ஓரமாகவே போனேன். மகன் நேரம் பார்த்தான். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 47 விநாடி. சரியாக 80 ஓடியிருந்தால் 45-இல் கடந்திருப்போம். 3600-ஐ 47-ஆல் வகுத்தால் 76.6. ஆக, கைப்பேசி பொய் சொல்லவில்லை. மரமோ கட்டடமோ மறைக்காத இடத்தில், ஒரே சீராக ஓடும்போது செயற்கைக்கோள் கணக்கு சரியாகவே வரும்.

அப்புறம்தான் ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் ஞாபகம் வந்தது. அதற்குக் காந்தமும் கிடையாது, வில்லும் கிடையாது, வெறும் பல்சக்கரம். அது தப்பினால் காரணம் டயர்தான். பத்துக் கற்கள் போனபோது 10.1 விழுந்து, கடைசிச் சக்கரம் அடுத்த இலக்கத்துக்குப் பாதி ஏறியிருந்தது. டயர் தேய்ந்து சிறுத்திருக்கிறது. ஆனாலும் அதன் பங்கு ஒன்றரை சதவீதம்தான். மிச்சமெல்லாம் முள்ளின் வேலை.

"பா, போதும்பா" என்றான் மகன். வரும் வழியில் அவனுக்கு ரொட்டி சானாய்.

செப்டம்பர் 29

கிளிப் 92. கை சூடாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 30

அப்பா இன்று பேசினார். மாஸ்க்கை இறக்கிவிட்டு முதலில் கேட்டது காரைத்தான். எஞ்சின் ஆயில் பார்த்தியா, கதவு பூட்டினியா. மீட்டர் நாலு கூட்டிக் காட்டுகிறது என்று சொன்னேன்.

"வாங்கின நாள்லேருந்து அப்படித்தான்டா. நாலு கழிச்சுக்க."

முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். இந்த நாலை ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. நான் லைசென்ஸ் எடுத்த புதிதில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "எண்பதுக்கு மேல போகாதே" என்பார். மனசுக்குள் 76 என்று கணக்குப் போட்டுக்கொண்டேதான் சொல்லியிருக்கிறார்!

நர்ஸ் வந்து மாஸ்க்கை ஏற்றிவிட்டுத் திட்டினாள். அவரை இல்லை, என்னை.

அக்டோபர் 2

நேற்று மழையில் டோலுக்கு முன்னால் பிரேக் பிடித்தபோது பின்பக்கம் வழுக்கியது. இன்று நாலு டயரையும் மாற்றிவிட்டேன். காருக்கு உரிய அளவு 185/60, 14 அங்குலம்: அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 60 சதவீதம். கடையில் அது இல்லை. 60-க்குப் பதில் 65 போட்டார்கள். "ஒண்ணும் ஆகாது பாஸ், சேம் சேம்." சேம் இல்லை. பக்கச்சுவர் இருபுறமும் சேர்ந்து டயர் 18.5 மில்லிமீட்டர் கூடுதல் உயரம், 3.2 சதவீதம். கார் கொஞ்சம் எம்பி நிற்கிறது. வாதாடத் தெம்பில்லை, பணத்தைக் கட்டிவிட்டு ஓடினேன். பார்வை நேரம் முடிய இருந்தது.

அக்டோபர் 3

பாலத்தில் முள் 80. கைப்பேசியிலும் 80.

சந்தோஷப்பட வேண்டும்தானே? எரிச்சல்தான் வந்தது. அளவு மீறிய டயரும் ஏமாற்றும் முள்ளும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டன. அதற்கு ஓடோமீட்டர் பலி. பத்துக் கிலோமீட்டருக்கு இப்போது 9.7 தான் விழுகிறது. கையிருப்பாக இருந்த அந்த நாலும் போயிற்று. இனி முள் 82 என்றால் நிஜமாகவே 82. கேமரா முன்னால் அந்த நாலு கைகொடுக்காது.

அப்பாவிடம் சொல்லவில்லை. நாலு கழிக்கச் சொன்னவர்.

அக்டோபர் 4

கிளிப் 89. மாஸ்க்கை மாற்றிப் பெரியதாக ஒன்று போட்டார்கள். நர்ஸ் இன்று "கூடக் குறைய" என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தங்கை தண்ணீர்மலைக்குப் போய் அர்ச்சனை செய்து வந்தாள். திருநீற்றை அப்பா நெற்றியில் வைக்கப்போனால் மாஸ்க் பட்டை இடிக்கிறது. ஒரு ஓரமாக வைத்தாள்.

அக்டோபர் 5

விடியற்காலையில் வார்டிலிருந்து போன். உடனே வரச் சொன்னார்கள், வேறெதுவும் சொல்லவில்லை. பாலத்தில் மீட்டரைப் பார்க்கவில்லை. வெளியே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள், நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அக்கா சிங்கப்பூரிலிருந்து கிளம்பிவிட்டாள், பஸ் சாயங்காலம் பட்டர்வொர்த் வரும். கூட்டிவர நான்தான் போக வேண்டும். டாக்டர் வருகிறார்.