மூன்றாவதில் விழும் அடி

பெப்ரவரி 11

அண்ணாவுக்காக யூபி 40இன் கசினோ நிகழ்ச்சிக்கு ரிக்கெற் எடுத்தாயிற்று, றெகே என்கிற ஜமெய்க்கா இசை வாசிக்கும் இங்கிலாந்துக் குழு. மூன்று. கரையோரக் கதிரைகள், சக்கர நாற்காலி வந்து நிற்க இடம் உள்ள வரிசை. இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

பெப்ரவரி 12

சொன்னேன். "அந்தப் புகைக்குள்ளேயா அவரைக் கொண்டு போகப் போகிறாய்?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு பேசவில்லை.

அவர் கேட்டதில் பிழை இல்லை. கலிபோர்னியாவில் வேலையிடம், கடை, மண்டபம் என்று கட்டடங்களுக்குள் பொதுவாகப் புகைக்க முடியாது. ஆனால் கசினோ நிற்பது பழங்குடியினரின் நிலம். மாநிலத்தின் புகைத் தடை அங்கே செல்லாது. சூதாட்ட மெஷின்களுக்கு முன்னால் இருந்து சிகரெட் பிடிப்பார்கள். அண்ணா ஒட்சிசனோடு அதைக் கடந்து போக வேண்டும். கொள்ளி வைத்திருப்பவனுக்குப் பக்கத்தால் ஒட்சிசன் குழாய்!

மண்டபத்துக்குப் போன் எடுத்தேன். உள்ளே புகைக்க விடமாட்டார்களாம். ஆனால் பிரதான வாசலால் வந்தால் மெஷின்களைத் தாண்டித்தான் போக வேண்டுமாம். பக்க வாசல் ஒன்று இருக்கிறது, விசாரித்துச் சொல்கிறேன் என்றாள் அந்தப் பெண். குரல் நல்ல மாதிரி இருந்தது. அவள் திருப்பி எடுக்க வேண்டும்.

பெப்ரவரி 15

யூபி 40இல் பாடும் அலி கம்பெலுக்கு இன்று பிறந்தநாள். 1959. அண்ணாவும் 1959தான். காலையில் தேத்தண்ணி கொடுக்கும்போது சொன்னேன், அவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. "என்னை விட அஞ்சு மாசம் மூப்பு, பிள்ளை" என்றார்.

இன்று நிறையக் கதைத்தார். மூச்சு இடம் கொடுத்த நாள். 1983 ஓகஸ்ட் கடைசியில் கொழும்பிலிருந்து ஏறினார். வெள்ளவத்தை அறையில் இருந்த எல்லாம் எரிந்த பிறகு ஒரு சூட்கேஸ்கூட மிஞ்சவில்லை, கையில் ஒரு துணிப்பைதான். அப்போது எங்கள் ஆட்களுக்கு இங்கிலாந்து போக விசா தேவையில்லை, அதை 1985இல்தான் கொண்டுவந்தார்கள். பேர்மிங்ஹாமில் ஒரு சிநேகிதனின் அறை. போய் இறங்கிய கிழமை கடைகளில், பஸ் நிறுத்தத்தில், பக்கத்து வீட்டு யன்னலில் என்று எல்லா இடமும் யூபி 40இன் ஒரே பாட்டு. 'றெட் றெட் வைன்'. செப்டெம்பரில் மூன்று கிழமை இங்கிலாந்தில் முதலாம் இடத்தில் இருந்த பாட்டு அது.

"பாட்டு விளங்கேல்லை. ஆனா அந்தக் குரல் அழுதுகொண்டு அழாத மாதிரி இருந்துது. எனக்கு அப்ப அதுதான் தேவைப்பட்டது."

இவ்வளவு வருஷத்தில் இதை அவர் எனக்குச் சொன்னதே இல்லை.

பெப்ரவரி 16

இரவு மூன்று தடவை இருமல். மூன்றாவது தடவை துவாயில் சிவப்பு.

பெப்ரவரி 19

ஸ்கான் முடிந்தது. படம் எடுத்த பையன் எங்கள் முகத்தைப் பார்க்காமல் "டொக்டர் கதைப்பார்" என்றான். எப்போது என்று சொல்லவில்லை.

காத்திருந்த நேரத்தில் அண்ணா அந்தக் குழுவுக்குப் பெயர் வந்த கதையைச் சொன்னார். யூபி 40 என்பது வேலையில்லாதவர்கள் உதவிப் பணம் வாங்க நிரப்பும் படிவத்தின் எண். 1978இல் குழு தொடங்கியபோது பையன்கள் அந்தப் பணத்தில்தான் இருந்தார்கள். 1980இல் வந்த முதல் இசைத்தட்டின் அட்டையிலும் அந்தப் படிவத்தையே போட்டார்கள். வாத்தியம் வாங்கக் காசு வந்த விதம் இன்னும் பெரிய கதை. அலிக்கு ஒரு மதுக்கடைச் சண்டையில் முகத்தில் கண்ணாடி வெட்டி, அதற்குக் கிடைத்த நட்டஈட்டில்தான் வாங்கினார்களாம். முதல் பதிவு ஒருவரின் சின்ன அறையில். இடம் போதாமல் சிலதைத் தோட்டத்தில் வைத்து வாசித்ததால், சில பாட்டுகளில் குருவிச் சத்தம் கேட்கும். "வடிவாக் கேட்டா உனக்கும் கேக்கும்" என்றார்.

1987இல் உலோகப் பட்டறை மூடி வேலை போனபோது அண்ணாவிடமும் அந்தப் படிவம் இருந்ததாம். அந்த வருஷங்களில் எங்களுக்கு மாதம் தவறாமல் காசு வந்தது. அம்மா அதில் கூரை போட்டா. எங்கிருந்து வந்தது என்று இன்றைக்குத்தான் யோசிக்கிறேன்.

பெப்ரவரி 20

பக்க வாசல் பெண் எடுக்கவில்லை.

பெப்ரவரி 22

மகன் வந்திருந்தான். "மாமா, இது உண்மையான யூபி 40தானா?" என்று கேட்டுவிட்டான். கேட்டிருக்கக் கூடாது.

இரண்டு இருக்கின்றன. 2008இல் அலி பிரிந்து போனார். அவர் இடத்தில் மைக்கைப் பிடித்தவர் டங்கன், அவரும் ஒரு கம்பெல், கூடப் பிறந்தவர். கிற்றார் வாசிக்கும் றொபின் மூத்தவர், அவர் அந்தப் பக்கமே நின்றார். பிறகு குழுவில் கூடப் பாடிய அஸ்ட்ரோவும் அலியிடம் வந்தார். ஒரே பெயரை இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு நீதிமன்றம் வரை போனார்கள். தகப்பன் இயன் கம்பெல், நாட்டார் பாடல் பாடுகிறவர், பெயர் பெற்ற மனிதர், 2012இல் இறந்துபோனார். அப்போதே பிள்ளைகள் பிரிந்திருந்தார்கள். ஒரு வீட்டில் ஒரு கூரைக்குக் கீழே பாடிப் பழகிய பிள்ளைகள்.

அண்ணா மகனுக்கு விளங்கப்படுத்தினார்: நாங்கள் போவது அலி பாடும் குழுவுக்கு. மற்றதில் றொபின், ஜிம்மி பிரவுண், ஏர்ல் ஃபல்கனர், நோர்மன் ஹசன். "ரெண்டும் உண்மைதான் தம்பி. ரெண்டிலையும் பாதி பாதி." அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் குசினிக்குப் போய்விட்டேன். சின்னண்ணா ரொறன்ரோவில். கோண்டாவில் காணி. பதினொரு வருஷம். அம்மாவின் செத்தவீட்டிலும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள், நடுவில் நான் தேங்காய் உடைத்தேன். யார் சரி என்று இப்போது எனக்கு அக்கறை இல்லை. அந்தக் காணியில் இன்றைக்கு வேலிகூட இல்லை, பனை மட்டும் நிற்கிறது.

மூன்றாவது ரிக்கெற் இவருக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்.

பெப்ரவரி 26

ஒட்சிசன் மெஷினுக்குப் பற்றரி இரண்டு. ஒன்று புதிது, மற்றது மூன்று மணித்தியாலம்கூடத் தாங்காது. போக இரண்டு மணித்தியாலம், காரில் சார்ஜ் செய்யலாம். வாசலில் அரை மணி. நிகழ்ச்சி ஒன்றரை மணி, அதற்கு முன் வேறொரு குழு வந்தால் இரண்டரை. வெளியே வர அரை மணி. கூட்டிப் பார்த்தேன், சரி வருகிறது. மறுபடி கூட்டினேன்.

பெப்ரவரி 27

கூட்டினேன்.

மார்ச் 3

டொக்டர் விடுமுறையில் என்கிறார்கள். வேறு டொக்டர் பார்க்க முடியாதா என்றால், படத்தைப் பார்க்கலாம், கதைக்க முடியாது என்கிறார்கள். படத்தைப் பார்த்த ஒருவர் எங்கோ இருக்கிறார். அவருக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாது. இந்த நினைப்போடு பாத்திரம் கழுவ முடியவில்லை. ஒரு கண்ணாடிக் கிளாஸ் போய்விட்டது.

மார்ச் 5

அண்ணா எனக்குத் தாளம் சொல்லித் தந்தார், கட்டில் கம்பியில் தட்டி. நாலு எண்ண வேண்டும். றெகேயில் பெரிய அடி மூன்றாவதில் விழும். முதலாவது இடம் வெறுமை, அங்கே ட்ரம் அடிக்கவே மாட்டாராம். கிற்றார் இரண்டிலும் நாலிலும் ஒரு சின்ன வெட்டு. நல்லூர்த் திருவிழாவில் தவில் கேட்டு வளர்ந்த காது எனக்கு. எங்களுக்கு எல்லாம் முதல் அடியில் வந்து சேர வேண்டும், அதற்காகத்தானே தலையாட்டிக்கொண்டு காத்திருப்போம். இவர்கள் அதையே விட்டுவிடுகிறார்கள். முதலில் தடுமாறினேன். நாலைந்து தடவை தட்டிய பிறகு பிடிபட்டது. அந்த வெறுமையில்தான் உடம்பு அசைகிறது.

இப்போது ஒட்சிசன் மெஷின் விடும் மூச்சிலும் அதையே எண்ணுகிறேன். அவர் உள்ளே இழுக்கும்போதுதான் அது 'புஸ்' என்கிறது. சில வேளை ஒன்று தவறும்.

மார்ச் 6

பக்க வாசல் பெண் எடுத்தாள்! வடக்குப் பக்கம், வாகனத்தை வாசல் வரை கொண்டுவரலாம், மெஷின் பக்கமே போகத் தேவையில்லை. என் பெயரை எழுதி வைத்திருக்கிறாள். போனை வைத்துவிட்டு நின்றபடியே அழுதேன்.

மார்ச் 8

இரவு 2.40. தூக்கம் வராது, எழுதிவிடுகிறேன்.

நாலு மணிக்கு வெளிக்கிட்டோம். அண்ணா நீலச் சட்டை, இஸ்திரி போட்டுக் கொடுத்தது. இவர்தான் ஓட்டினார். 10ஆம் நெடுஞ்சாலையில் மலை இரண்டு பக்கமும் நெருங்கி வரும் இடத்தில் காற்றாலைகள், நூற்றுக்கணக்கில், எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. அண்ணா யன்னலைத் திறக்கச் சொன்னார். காற்று அவருக்கு ஆகாது, ஆனாலும் கொஞ்சம் திறந்தேன்.

வழியில் அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்க வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கில் கபசோன் என்றொரு பழங்குடிக் குழு. வழக்கு நடந்தபோது பதிவில் இருந்தவர்கள் 25 பேர்தான். அவர்கள் நடத்திய பிங்கோவையும் சீட்டு விளையாட்டையும் மாநிலம் தடுக்கப் பார்த்தது. உச்ச நீதிமன்றம் வரை போய் 1987இல் வென்றார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் பழங்குடியினரின் கசினோக்களுக்கான சட்டம் வந்தது. றேகன் கையெழுத்துப் போட்டது 1988 ஒக்டோபர் 17. "இப்ப கேள் பிள்ளை. அதே கிழமை அமெரிக்காவில முதலாம் இடத்தில இருந்த பாட்டு என்ன?" ஒக்டோபர் 15 திகதியிட்ட பட்டியல். 'றெட் றெட் வைன்'. இங்கிலாந்தில் ஓடி ஐந்து வருஷம் கழித்து, ஃபீனிக்ஸ் வானொலி ஒன்று திரும்பப் போட்டதில் மேலே வந்தது. "இந்த றோட்டிலேயே நேரா ஓடினா ஃபீனிக்ஸ்தான்" என்று கையை நீட்டிக் காட்டினார். நாற்பது வருஷமாக இந்தத் திகதிகளை யாருக்காகச் சேர்த்து வைத்தார்?

25 பேரை நினைத்துக்கொண்டே இருந்தேன். எங்கள் ஒழுங்கையிலேயே அதைவிடக் கூட ஆட்கள்.

வடக்கு வாசலில் அந்தப் பெண்ணே நின்றாள். வயதானவள். அண்ணாவின் நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு போனாள். ஒரு கதவு திறந்து மூடியபோது மட்டும் மெஷின்களின் சத்தமும் புகை மணமும் ஒரு நொடி வந்தன. அண்ணா மூச்சைப் பிடித்துக்கொண்டார். இவர் காரிலேயே இருக்கிறேன் என்று வாசலில் நின்றுவிட்டார். மூன்றாவது கதிரையில் ஒட்சிசன் மெஷினை வைத்தேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. எல்லோரும் எங்கள் வயது. இன்னொரு நாற்காலிக்காரரும் இருந்தார், இரண்டு பேரும் தலையாட்டி வணக்கம் சொல்லிக்கொண்டார்கள்.

விளக்கு அணைந்தது. முதலில் பேஸ் கிற்றார். அது காதுக்கு வருவதற்கு முன் கதிரைக்கு வந்தது. அப்புறம் ட்ரம், முதல் அடியை விட்டுவிட்டு. நான் எண்ணினேன். அண்ணாவின் விரல் நாற்காலிக் கையில் எண்ணியது. பிறகு அந்தக் குரல். தலை நரைத்த மனிதர், அதிகம் அசையவில்லை, ஆனால் குரல் அந்த மூக்கோடு சேர்ந்த குரலேதான். கொஞ்சம் தடித்திருக்கிறது. சில இடங்களில் உச்சத்துக்குப் போகாமல் பக்கத்தால் வந்தார். எனக்கு அது இன்னும் பிடித்தது. கசினோவுக்கு வரும் பழைய பாடகர்கள் காசுக்காக ஏதோ பாடிவிட்டுப் போவார்கள் என்று சொல்லுவார்கள். நான் பார்த்தது அதுவல்ல. பித்தளை வாத்தியக்காரர் மூன்று பேரும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

எல்விஸ் 1961இல் பாடிய காதல் பாட்டு, இவர்கள் 1993இல் எடுத்து அமெரிக்காவில் ஏழு கிழமை முதலாம் இடத்தில் வைத்தது, அது வந்தபோது வயதான சோடிகள் எழுந்து கரையில் ஆடினார்கள். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு கிழவி புருஷனின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு ஆடினா.

'றெட் றெட் வைன்' கடைசிப் பக்கம்தான் வந்தது. பாட்டின் நடுவே அஸ்ட்ரோ பேச்சும் பாட்டுமாகச் சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. 2021இல் இரண்டு பேர் போனார்கள், ஓகஸ்டில் சாக்ஸபோன் வாசித்த பிரையன் ட்ராவர்ஸ், நவம்பரில் அஸ்ட்ரோ. ஒருவர் அந்தப் பக்கம், ஒருவர் இந்தப் பக்கம். அந்த இடம் வந்ததும் மண்டபம் முழுக்க எழுந்து சொன்னது, ஒரு சொல் விடாமல். அண்ணாவும் சொன்னார். முழுவதும் சொன்னார்! மூச்சு எங்கிருந்து வந்தது? மெஷின் 'புஸ் புஸ்' என்று அவருக்குப் பின்னால் ஓடியது. முடிந்ததும் வாயைத் திறந்தபடி இருந்தார், பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு என் காதுக்குள் ஒன்று கேட்டார். "அவன்ட்டையும் இந்தக் கசற் இருந்தது தெரியுமே? நான்தான் அனுப்பினனான்."

யாரென்று நான் கேட்கவில்லை.

மார்ச் 9

பதினொன்றரை வரை அண்ணா எழும்பவில்லை. கதவடியில் நான்கு தடவை போய் நின்று மெஷின் சத்தத்தைக் கேட்டேன்.

மார்ச் 10

நிகழ்ச்சியில் நான் எடுத்த 40 நொடி வீடியோ. ஆடி ஆடி வந்திருக்கிறது. மேடை பாதி, அண்ணாவின் கை பாதி, விரல் தட்டுகிறது. சின்னண்ணாவுக்கு அனுப்பினேன். ஒன்றும் எழுதவில்லை.

இரண்டு நீலக் கோடு வந்துவிட்டது. பதில் இல்லை.

மார்ச் 11

காலையில் பார்த்தேன். மத்தியானம் பார்த்தேன். கடையில் மரவள்ளி வாங்கும்போது பார்த்தேன்.

டொக்டரின் இடத்திலிருந்து போன். நாளைக்கு 9.30. "குடும்பத்தில் யாராவது கூட வந்தால் நல்லது" என்றாள். நான் எப்போதும் கூடத்தானே வருகிறேன், அதை ஏன் சொல்ல வேண்டும்?

இரவு 11 மணி. சின்னண்ணா எழுதியிருக்கிறார். ஒரே ஒரு வரி: "மூண்டாவதிலதான் தட்டுறாரோ?"

"ஓம் அண்ணா" என்று அனுப்பினேன். ரொறன்ரோவில் இப்போது விடியப்புறம் இரண்டு மணி. இன்னும் ஒன்லைனில் நிற்கிறார்.

மார்ச் 12

6.10. பற்றரி இரண்டும் சார்ஜில். அண்ணா குளித்துவிட்டார். அந்த நீலச் சட்டையைத் தேடுகிறார், அது இன்னும் துவைக்கவில்லை, பரவாயில்லை அதையே